வாட்ச் அடிக்கவில்லை என்றால் ஃபிட்ஸ் வரவில்லை என்று அர்த்தமா?

"டப்பாவிலேயே போட்டிருக்கு டாக்டர், 99 சதவீதம் துல்லியம்னு" என்றார் அந்த அப்பா. ஃபிட்ஸ் வந்தால் அலாரம் அடிக்கும் என்று ஆன்லைனில் வாங்கிய வாட்ச். பையன் ஏழாம் வகுப்பு. அவனுக்கு வருவது கை கால் வெட்டி இழுக்கிற ஃபிட்ஸ் இல்லை. திடீரென்று வெறித்துப் பார்ப்பான், உதட்டைச் சப்புவான், சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருப்பான். ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். வாட்ச் அடிக்கவே இல்லை, ஆகவே ஃபிட்ஸ் நின்றுவிட்டது என்று ராத்திரி மாத்திரையை அவரே நிறுத்திவிட்டார். பையன் பெரிய வலிப்போடு எமர்ஜென்சிக்கு வந்து சேர்ந்தான். இந்தக் கதையோடு வருகிற முதல் குடும்பம் இதுவாக இருந்தால் நான் உட்கார்ந்து எழுதியிருக்க மாட்டேன்.

முதலில் அந்த 99 சதவீதத்தை ஒரு கை பார்த்துவிடுவோம். ஒரு நாளைக்கு 1,440 நிமிஷம். ஒருவருக்கு அன்று ஒரே ஒரு ஃபிட்ஸ், இரண்டு நிமிஷம் இருந்தது என்று வையுங்கள். நான் அவர் கையில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டி, "இதுதான் ஃபிட்ஸ் கருவி" என்கிறேன். அது ஒருபோதும் அடிக்காது. ஆனால் 1,438 நிமிஷம் "ஃபிட்ஸ் இல்லை" என்று சரியாகத்தானே இருந்தது? கணக்குப் போடுங்கள்: 99.86 சதவீதம் துல்லியம். வந்த ஒரே ஃபிட்ஸையும் கோட்டைவிட்ட ரப்பர் பேண்டுக்கு!

கேட்க வேண்டியது வேறு. வந்த ஃபிட்ஸில் எத்தனையைப் பிடித்தது? ஒரு நாளைக்கு எத்தனை தடவை சும்மா அடித்தது? எந்த வகை ஃபிட்ஸ் உள்ளவர்களிடம் சோதித்தார்கள்? இந்த மூன்றும் டப்பாவில் இல்லையென்றால் அந்த சதவீதத்தை மறந்துவிடுங்கள்.

ஒழுங்கான சோதனை, மூளை அலைகளையும் வீடியோவையும் சேர்த்துப் பதிவு செய்கிற வீடியோ ஈ.ஈ.ஜி. வார்டில்தான் தொடங்கும். தலையில் ஒயர், எதிரில் கேமரா, கையில் வாட்ச்; ஃபிட்ஸ் வரும்வரை ராப்பகலாகப் பதிவு. (தலைக்கு எண்ணெய் தடவாமல் வாருங்கள் என்று எங்கள் டெக்னீஷியன் தொண்டை வற்றச் சொல்கிறார், மின்முனை ஒட்டாது, கேளுங்கள்.) வாட்ச் எப்போது அடித்தது என்று தெரியாத நிபுணர்கள், வீடியோவையும் மூளை அலைகளையும் பார்த்து ஃபிட்ஸ் வந்த நேரத்தைக் குறிப்பார்கள். பிறகுதான் ஒப்பீடு. 2018-இல் பெனிட்ஸ்கி, ரிவ்லின் என்ற இரு மருத்துவர்கள் இந்தச் சோதனைகளை 0 முதல் 4 வரை கட்டங்களாக வகுத்தார்கள். மூன்றாம் கட்டத்தில் பல மருத்துவமனைகளில், ஃபிட்ஸைக் கண்டுபிடிக்கிற முறையை முன்கூட்டியே முடிவு செய்து, நடுவில் மாற்றாமல் சோதிக்க வேண்டும். பழைய பதிவுகளை வைத்து கருவியைத் திருத்திவிட்டு அதே பதிவுகளில் மார்க் போட்டுக்கொள்வது, வினாத்தாளைப் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதுகிற கதைதான்.

நான்காம் கட்டம் வீட்டில். வார்டில் கட்டிலோடு கிடப்பவர் வீட்டில் பல் தேய்ப்பார், தேங்காய் துருவுவார், கேரம் ஆடுவார். ஒரே தாளத்தில் கை ஆடினால் வாட்ச் ஏமாறும். நாலு தடவை வீணாக ஓடிவந்த அம்மா ஐந்தாவது தடவை சத்தத்தை அணைத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

நல்ல கருவிகளே இல்லை என்று சொல்லவில்லை. கை அசைவையும் தோலின் மின் மாற்றத்தையும் அளக்கும் எம்பிரேஸ் வாட்சுக்கு 2018-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. நெதர்லாந்தின் நைட்வாட்ச், மேற்கையில் கட்டி, தூக்கத்தில் இதயத் துடிப்பையும் அசைவையும் கவனிக்கிறது. ஆனால் 2021-இல் சர்வதேச வலிப்பு நோய் எதிர்ப்பு அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதல், உடல் முழுக்க விறைத்து வெட்டி இழுக்கிற பெரிய வலிப்புக்கு மட்டும்தான் இவற்றைப் பரிந்துரைத்தது. அதுவும் தனியாகத் தூங்குபவர்களுக்கு, சத்தம் கேட்டு உடனே ஓடிவர ஆள் இருந்தால். வெறித்துப் பார்க்கிற ஃபிட்ஸுக்கு இல்லை.

இன்னொன்று. இவை வந்ததைச் சொல்லும். வரப்போவதைச் சொல்லாது, வராமல் தடுக்கவும் தடுக்காது. தடுப்பது மாத்திரை. வாட்ச் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் என்னைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையைக்கூடத் தொடாதீர்கள்.

வாங்கியே தீருவோம் என்பவர்களுக்கு: ராத்திரியில் சார்ஜில் போடாதீர்கள். ஆள் பார்க்காத நேரத்தில், தூக்கத்தில் வரும் பெரிய வலிப்புதான் அபூர்வமாக உயிரையும் எடுக்கிறது. போனை சைலன்டில் வைக்காதீர்கள், பக்கத்து அறையில் கேட்கிறதா என்று சோதியுங்கள். அடித்ததும் ஓடிப்போய் என்ன செய்வதென்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்: ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் 108. வாயில் ஸ்பூன் வேண்டாம், கையில் சாவிக்கொத்தும் வேண்டாம், தயவுசெய்து.

அடுத்த தடவை வரும்போது வாட்ச் ஆப்பின் கலர் கலரான வரைபடத்தை விட, போனில் எடுத்த அரை நிமிஷ வீடியோ எனக்கு அதிகம் உதவும். முகமும் இரண்டு கைகளும் தெரிகிற மாதிரி எடுங்கள். எடுக்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள், பதில் வருகிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும்.