முருகன் ஏழு கேள்விக்குறி ஆன கதை

போன மாசம் ஒரு சங்கத்தோட மெம்பர் லிஸ்ட், அட்ரஸ் லேபிள் அடிக்கணும்னு நம்ம டிடிபி சென்டருக்கு மெயில்ல வந்துச்சு, சிஎஸ்வி ஃபைல் (கமா போட்டுப் பிரிச்ச சாதா டெக்ஸ்ட் ஃபைல்), தொறந்தா பேர் இருக்க வேண்டிய எடம் பூரா கேள்விக்குறி. முருகன்னு இருந்த எடத்துல ஏழு கேள்விக்குறி. ம, உகரக் குறி, ர, மறுபடி உகரக் குறி, க, ன, புள்ளின்னு கம்ப்யூட்டருக்கு அது ஏழு. செல்வம்னு எழுதினாலும் அதே ஏழுதான், அப்புறம் எது முருகன் எது செல்வம்னு எந்த சாஃப்ட்வேர் வந்தும் சொல்ல முடியாது.

என்ன நடந்துச்சுன்னா, எக்ஸெல்ல தமிழ் நல்லாத்தான் இருந்திருக்கு, செக்ரட்டரி சார் சேவ் ஆஸ் போய் சாதா சிஎஸ்விய கொடுத்துட்டார். அது எழுத்த சேமிக்கற பழைய ஆன்சி முறை, நம்ம ஊர் விண்டோஸ்ல வழக்கமா அதுல தமிழுக்கு எடமே கெடையாது, தெரியாத எழுத்துக்கெல்லாம் கேள்விக்குறி போட்டு எழுதிடும். பக்கத்துலயே சிஎஸ்வி யூடிஎஃப் 8னு இன்னொன்னு இருக்கும், அது எல்லா மொழி எழுத்தையும் சேமிக்கற முறை, அதத்தான் எடுக்கணும். நல்லவேளை ஒரிஜினல் எக்ஸெல் ஃபைல் அவர் பொண்ணு மெயில்ல கெடந்துச்சு.

இன்னொரு வகை இருக்கு, பாக்க பயங்கரமா இருக்கும் ஆனா ஒன்னும் ஆகியிருக்காது. தலையில சாய்கோடு போட்ட இங்கிலீஷ் ஏ, கூடவே வட்டத்துக்குள்ள ஆர், இது ரெண்டும் வரி முழுக்க திரும்பத் திரும்ப வரும். யூடிஎஃப் 8ல ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூணு பைட், அதுல மொத பைட் எல்லாத்துக்கும் ஒன்னுதான், எக்ஸெல் அத மேல்நாட்டு எழுத்துன்னு நெனச்சு படிக்குது, அவ்ளோதான். சேவ் மட்டும் பண்ணிடாதீங்க. மூடிட்டு, டபுள் கிளிக் பண்ணாம டேட்டா மெனு வழியா டெக்ஸ்ட் ஃபைலா உள்ள எடுத்து, ஃபைல் ஆரிஜின்ல 65001, அதாவது யூடிஎஃப் 8, கொடுங்க, தமிழ் வந்துரும்.

கட்டம் கட்டமா வந்தா பெரும்பாலும் ஃபான்ட் இல்லைன்னு அர்த்தம்.

பாமினி கேஸ் தனி, அது இங்கிலீஷ் எழுத்துக்கு மேலயே தமிழ் உருவத்தப் போட்ட பழைய ஃபான்ட். அதுல அம்மான்னு அடிச்சா ஃபைலுக்குள்ள இருக்கறது எம், கே, செமிகோலன், கே, எச். ஃபான்ட் இல்லாத சிஸ்டத்துல அம்மா காணாமப் போயிடுவாங்க. கன்வெர்ட்டர்ல போட்டு, எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடாக்கலாம், ஆனா பாமினியா, இல்ல அது மாதிரி பழைய முறையான டிஸ்கியா டாமான்னு சொல்லாம அனுப்பினா நாங்க ஜோசியம்தான் பாக்கணும். 2010லயே தமிழ்நாடு அரசு யூனிகோடுக்கு ஆணை போட்டாச்சு, இன்னமும் வாரத்துக்கு ரெண்டு பாமினி வருது.

அன்னிக்கு லேபிள் முடிக்க ராத்திரி பத்தாச்சு. மறுநாள் செக்ரட்டரி சார் மூணு பேர்ல திருத்தம் அனுப்பினார், பேப்பர்ல எழுதி, ஃபோன்ல போட்டோ எடுத்து.