சுற்றுச்சூழல், சமூகப் படிப்பு முடித்தவர்களுக்கு வேலை எந்தப் பெயரில் இருக்கிறது?

பட்டத்தின் பெயரைப் போட்டு வேலை தேடினால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. சமூகத் தாக்க மதிப்பீட்டாளர், சமூகத் தொடர்பு அலுவலர், மறுகுடியமர்வு அலுவலர், கண்காணிப்பு மற்றும் மதிப்பீட்டு அலுவலர் என்று தேடிப் பாருங்கள். அந்த விளம்பரங்கள் கேட்பது நீங்கள் படித்ததைத்தான்.

இயற்கையையும் மக்களையும் சேர்த்துப் படித்தவருக்கு மிகப் பொருத்தமான இடம், ஒரு திட்டம் சூழலையும் மக்களையும் எப்படிப் பாதிக்கும் என்று ஆராயும் தாக்க மதிப்பீட்டு ஆலோசனை நிறுவனங்கள். உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகத்தின் 2012ஆம் ஆண்டுச் செயல்திறன் தரநிலைகள் மொத்தம் எட்டு. அதில் ஐந்தாவது, நிலம் கையகப்படுத்தலும் மறுகுடியமர்வும் பற்றியது. அந்தக் கழகத்தின் நிதியில் நடக்கும் திட்டம் மக்களை இடம்பெயர்த்தால், இதை அறிந்த ஆள் வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் அந்த ஆவணத்தை நேர்காணலுக்கு முன் முழுதாகப் படித்துவிடுங்கள்.

மறுகுடியமர்வுக் களத்தில் என்ன வேலை? முதலில் கெடு தேதி அறிவிப்பார்கள். அதற்குப் பிறகு குடியேறுபவர்களுக்கு இழப்பீடு கிடையாது. பிறகு வீடு வீடாகக் கணக்கெடுப்பு: ஆட்கள், கட்டடம், கிணறு, மரம், வருமானம். தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. பத்திரம் வைத்திருப்பவரிடம் மட்டும் கேட்டுவிட்டு வந்தால் குத்தகைக்கு உழுபவர், நிலமில்லாக் கூலியாள், பருவத்துக்கு மட்டும் வரும் மேய்ப்பர் எல்லோரும் விடுபட்டுப்போவார்கள். பகலில் மட்டும் போனால் வேலைக்குப் போனவர்களைப் பார்க்கவே முடியாது. பெண்களைத் தனியாக உட்காரவைத்துப் பேசாவிட்டால் தண்ணீர், விறகு பற்றிய தகவல் அரைகுறையாகத்தான் வரும். விடுபட்டவர்கள் பின்னாளில் புகாரோடு வரும்போது திட்டமும் தடுமாறும், அவர்கள் வாழ்க்கையும் நொறுங்கும்.

இதோடு தொழில்நுட்பத் திறன் ஒன்றையாவது உருப்படியாகக் கற்றுக்கொள்ளுங்கள். வரைபடம் என்றால் கியூஜிஐஎஸ் இலவச மென்பொருள். ஆற்றங்கரையிலிருந்து 500 மீட்டருக்குள் எத்தனை வீடுகள் என்று கணக்கிட்டுப் பழகலாம். தரவு பாகை அலகில் (அட்சரேகை, தீர்க்கரேகை) இருக்கும்போதே 500 என்று கொடுத்தால் மென்பொருள் அதை 500 பாகையாக எடுத்துக்கொள்ளும். முதலில் மீட்டர் அலகுள்ள யுடிஎம் ஆயத்தொலைவு முறைக்கு மாற்ற வேண்டும்.

நீர் மாதிரி எடுக்கும் வேலைக்கும் இப்படிச் சில நுணுக்கங்கள் உண்டு. குளோரின் கலந்த நீரில் பாக்டீரியா சோதனை என்றால் குப்பியில் சோடியம் தயோசல்பேட் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மிச்சமிருக்கும் குளோரின், ஆய்வகத்துக்குப் போகும் வழியிலேயே கிருமிகளைக் கொன்றுவிடும்; மோசமான நீரும் நல்ல நீர் என்று முடிவு வரும். பிஓடி (நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவு) சோதனைக்கான மாதிரியைக் குளிரில், இருட்டில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். சோதனை பொதுவாக 20 டிகிரி செல்சியஸில் 5 நாள் நடக்கும்.

நிறுவனங்களுக்குள் ஐஎஸ்ஓ 14001 என்ற சுற்றுச்சூழல் மேலாண்மைத் தரநிலைக்கான தணிக்கை, நிறுவனம் வெளியிடும் பசுமைக்குடில் வாயுக்களைக் கணக்கிடும் கார்பன் கணக்கு வேலைகளும் இருக்கின்றன. கார்பன் கணக்கில் நேரம் பெரும்பாலும் மின் கட்டணம், எரிபொருள் ரசீதுகளைச் சரிபார்ப்பதில் போகும். மக்களோடு பேசிப் பழக விரும்புபவருக்கு அது ஒத்துவராது என்பதே எங்கள் கருத்து.

தொண்டு நிறுவனப் பணி பல நேரம் நிதி முடிந்ததும் முடிந்துவிடும். சேரும் முன் ஒப்பந்தம் எந்தத் தேதி வரை, மாதத்தில் எத்தனை நாள் களம், வாகனமும் காப்பீடும் யார் பொறுப்பு என்று எழுத்தில் கேளுங்கள். விண்ணப்பத்தோடு ஒரு வரைபடமும் இரண்டு பக்க அறிக்கையும் இணையுங்கள். அவற்றில் குடும்பங்களின் பெயரும் வீட்டு இருப்பிடமும் இருந்தால் அனுப்பும் முன் நீக்கிவிடுங்கள்.