கோழிக்கறியில் மருந்து எச்சம்: பரிசோதனை கேட்பவர் கடையிலேயே சொல்லிவிட வேண்டும்

கடையில் வாங்கிய கோழிக்கறியை எவரும் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் (உணவைச் சோதித்து அறிக்கை தர அரசு நியமித்தவர்) பரிசோதனைக்குக் கொடுக்கலாம் என்று உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006-இன் 40-ஆவது பிரிவு சொல்கிறது. கோழி வளர்ப்பில் ஆண்டிபயாட்டிக்குகளான (கிருமிகளைக் கொல்லும் மருந்துகள்) குளோராம்பெனிகாலுக்கும் நைட்ரோஃபியூரான் வகை மருந்துகளுக்கும் தடை உண்டு; கொலிஸ்டின் என்ற ஆண்டிபயாட்டிக் 2019 ஜூலையில் தடை செய்யப்பட்டது; மற்ற பல மருந்துகளுக்கு எச்ச வரம்பு, அதாவது கறியில் தங்கியிருக்கலாம் என்ற உச்ச அளவு, வகுக்கப்பட்டுள்ளது. சட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்.

பலரும் தோற்றுப்போவது ஒரே இடத்தில்தான். பரிசோதனைக்குக் கொடுக்கப்போவதைக் கறி வாங்கும்போதே கடைக்காரரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது அந்தப் பிரிவிலேயே உள்ள நிபந்தனை. வீட்டுக்கு வந்தபின் சந்தேகம் எழுந்து, குளிர்பதனப் பெட்டியில் மிஞ்சியிருக்கும் கறியை எடுத்துக்கொண்டு ஓடினால், முதல் கேள்வியிலேயே திருப்பி அனுப்பப்படுவீர்கள். ஆகவே தெரிவித்ததை ஒரு தாளில் எழுதி, தேதியும் நேரமும் குறித்து, கடைக்காரரின் கையொப்பத்தைக் கேளுங்கள்; அவர் மறுத்தால் உடன்வந்த ஒருவரைச் சாட்சியாகக் கையொப்பமிடச் சொல்லுங்கள். பிராய்லர் கடைகள் பல ரசீது தருவதில்லை. கேட்டு வாங்காமல் நகராதீர்கள்.

அடுத்தது அலைக்கழிப்பு. உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் போனால் ஆய்வகத்துக்குப் போகச் சொல்வார். ஆய்வகத்தில் அலுவலரின் கடிதம் கேட்பார்கள். 40-ஆவது பிரிவு அலுவலருக்காக எழுதப்பட்டதன்று, வாங்கியவருக்காக எழுதப்பட்டது என்பதை மனுவின் முதல் வரியிலேயே குறிப்பிட்டு, ஒப்புகைச் சீட்டு பெறுங்கள். மறுப்பதானால் அதை எழுத்தில் தரச் சொன்னதும் பேச்சின் தொனி மாறுவதை நானே பார்த்திருக்கிறேன். மருந்து எச்சம் பார்க்கும் கருவி அந்த ஆய்வகத்தில் இருக்கிறதா என்பதைக் கறி வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் மனுவுக்குப் பதில் வருவதற்குள் கறி கெட்டுப்போகும்.

மனுவில் ‘கறியைப் பரிசோதிக்கவும்’ என்று மொட்டையாக எழுதினால் கிருமிப் பரிசோதனையோடு முடித்துவிடக்கூடும், ஈ.கோலை இல்லை என்ற அறிக்கை மருந்து எச்சத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. எந்தெந்த மருந்து என்று பெயரிட்டுக் கேளுங்கள். (ஊசி போட்டு வளர்த்த கோழி என்ற வதந்தியை நம்பி ஹார்மோன் பரிசோதனைக்குப் பணம் கட்டுவது வீண், கவலைப்பட வேண்டியது ஆண்டிபயாட்டிக்கைப் பற்றித்தான்.) சமைத்த குழம்பையோ பிரியாணியையோ கொண்டுபோகாதீர்கள், பச்சைக்கறியை உறையவைத்து, பனிக்கட்டியோடு அன்றே ஒப்படையுங்கள்.

தனியார் ஆய்வகத்தில் கொடுத்தால் விரைவாக முடியலாம், ஆனால் சட்டப்படி நியமிக்கப்பட்ட உணவுப் பகுப்பாய்வாளர் தராத அறிக்கை 40-ஆவது பிரிவின்கீழ் உதவாது. பகுப்பாய்வாளரின் அறிக்கையில் விதிமீறல் தெரிந்தால்தான் நீங்கள் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். வழக்கு நடவடிக்கைக்காக அந்த அறிக்கையை பகுப்பாய்வாளரே நியமன அலுவலருக்கு (மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையின் பொறுப்பாளர்) அனுப்பவும் வேண்டும். கட்டணம் தானாக வந்துவிடும் என்று காத்திருக்காமல், அறிக்கை கைக்கு வந்த அன்றே தனி மனு கொடுங்கள். ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்தால், எந்த அளவுக்கு மேல் இருந்தால் அந்த முறை கண்டறியும் என்ற எண் அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் அதை எழுதித் தரும்படி கேளுங்கள்.