மனம் தேறட்டும் என்று காத்திருந்தோம்

மதுரையில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு அப்போது 74 வயது. "சாப்பாடு இறங்கல, தூக்கம் வரல, உடம்பே முடியலப்பா" என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தோம். பெரிதாக ஒன்றும் இல்லை. கவலையாக இருக்கிறது என்று அவர் ஒருநாளும் சொல்லாததால், மனச்சோர்வு என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

முதியவர்களிடம் அது பல நேரம் இப்படித்தான் வரும். அழுகை இருக்காது, வலி, பசியின்மை, மறதி, எதிலும் பிடிப்பில்லாமை இருக்கும். "வயசானா அப்படித்தான்" என்று நாமும் விட்டுவிடுகிறோம். அப்படி இல்லை, இது நோய். சர்க்கரையாலும் ரத்த அழுத்தத்தாலும் மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பழுதாவதும் ஒரு காரணமாகலாம். தைராய்டு கோளாறும் பி12 குறைபாடும் இதே முகத்தோடு வரும் என்பதால் அவற்றையும் பார்த்துவிட வேண்டும்.

பெரியம்மா தினமும் காலையில் உழவர் சந்தைக்கு நடப்பார். ஒருநாள் தடுக்கி விழுந்தார். அடி லேசானதுதான், பயம்தான் போகவில்லை. சந்தை நின்றது. கீரைக்காரம்மாவோடு பேரம், "என்னக்கா, ரெண்டு நாளா காணோம்" என்ற விசாரிப்பு, நடந்த களைப்பில் வரும் பசி, தூக்கம் எல்லாம் அதோடு நின்றன. அன்றாடம் கிடைத்த இந்தச் சின்ன நிறைவுகள் வற்றும்போது மனம் சோர்கிறது. சோர்ந்த மனம் எழுந்திருக்க விடாது. படுத்தே கிடந்தால் சோர்வு இன்னும் கூடும்.

மனச்சோர்வு என்று தெரிந்த பிறகும், மனம் தேறட்டும், அப்புறம் வெளியே போகலாம் என்றுதான் நாங்கள் இருந்தோம். மனநலப் பிரிவிலிருந்து வீட்டுக்கு வந்த சமூகப் பணியாளர் மறுமுனையில் தொடங்கினார். "இப்ப உங்களுக்கு ரொம்பத் தொந்தரவா இருக்கறது எதும்மா?" என்று கேட்டார். குடும்ப ஓய்வூதியம் வரவில்லை என்றார் பெரியம்மா. உயிர்வாழ் சான்று கொடுக்காததால் நின்றிருக்கிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது! தபால்காரரை வரவழைத்து, வீட்டிலேயே கைரேகை வைத்து அதை முடித்தார்கள். அடுத்தது சந்தை. என்னென்ன வழி இருக்கிறது என்று பெரியம்மாவையே சொல்லவைத்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்: செவ்வாய்க்கிழமை, பக்கத்து வீட்டுப் பூக்காரம்மாவோடு, தெருமுனைக் கடைவரை. அதைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் வந்து விசாரித்தார்.

பார்க்க எளிது, ஆனால் பரிசோதித்துப் பார்த்த முறை இது. அமெரிக்காவின் சியாட்டிலில் 60 வயது தாண்டிய 138 பேரிடம் நடந்த ஆய்வு 2004-இல் வெளியானது. பெரும்பாலோர் தனியாக வாழ்ந்தவர்கள், ஏழைகள். சமூகப் பணியாளர்கள் வீடு தேடிப்போய் இப்படி ஒவ்வொரு பிரச்சினையாக எடுத்துத் தீர்க்கவும், வெளியே பழகவும், உடலை அசைக்கவும் துணை நின்றார்கள். ஓராண்டில், இந்தத் துணை கிடைத்தவர்களில் 43 சதவீதம் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தன. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 15 சதவீதம்தான்.

நம் கோவாவில், மனச்சோர்வின் விளிம்பில் இருந்த 181 முதியவர்களிடம் பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்களே இதைச் செய்தார்கள். அரசு உதவிகள் கிடைக்கவும் கைகொடுத்தார்கள். 2019-இல் வெளியான முடிவு: ஓராண்டில் முழு மனச்சோர்வுக்குள் விழுந்தவர்கள் உதவி பெற்ற 91 பேரில் 4 பேர், மற்ற 90 பேரில் 13 பேர்.

கடுமையான நிலையில் இது மட்டும் போதாது, மருந்தும் மனநல மருத்துவரும் வேண்டும். "நான் போய்ச் சேந்துட்டா நல்லது" என்று பெரியவர் சொன்னால் புலம்பல் என்று தள்ளாதீர்கள். உடனே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

பெரியம்மா சந்தைவரை போக மூன்று மாதம் ஆனது. அந்த முதல் செவ்வாய்க்கிழமை தெருமுனைக் கடைவரை போய்த் திரும்பினார். அன்று இரவு அவராகவே இன்னொரு இட்லி கேட்டார்.