போர்த்தணிவு நாள்

‘டேஸ் ஆஃப் டிராங்குவிலிட்டி’ என்ற ஆங்கிலத் தொடரைத் தமிழில் ‘அமைதி நாட்கள்’ என்று எழுதிவிடுகிறோம். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. செப்டம்பர் 21-ஐ உலக அமைதி நாள் என்கிறோம், அது வேறு. போர் நடந்துகொண்டிருக்கும்போதே, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதற்காக மட்டும் இரு தரப்பும் துப்பாக்கியை இறக்கி வைக்கிற நாள் இது. மறுநாள் சண்டை தொடரலாம்.

மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடாரில் 1980 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர். ஐ.நா. குழந்தைகள் அமைப்பான யுனிசெஃபின் தலைவர் ஜேம்ஸ் கிராண்ட், அதிபர் துவார்த்தேயிடம் பேசினார். கத்தோலிக்கத் திருச்சபை காட்டிலிருந்த போராளிகளிடம் பேசியது. 1985-இல் மூன்று நாட்களுக்குச் சண்டை நின்றது. அடுத்தடுத்த மூன்று நாட்கள் அல்ல, இடைவெளி விட்டு மூன்று நாட்கள். முத்தடுப்பு ஊசியை மூன்று தவணையாகப் போட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் நான்கு வாரமாவது வேண்டும். போரின் நாட்காட்டியை ஊசியின் தவணை தீர்மானித்தது! போர் முடியும்வரை ஆண்டுதோறும் இது நடந்தது.

சண்டை நின்றால் மட்டும் போதாது. தடுப்பு மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். ஐஸ் பெட்டியோடு வரும் செவிலியரை ஒரு சோதனைச் சாவடியில் மணிக்கணக்காக நிறுத்தினால் மருந்து வீண். சுகாதாரத்துறை, வானொலி, தேவாலயங்கள், ராணுவம், போராளிகள் என எல்லோருக்கும் ஒரே செய்தி போய்ச் சேர வேண்டும். இலங்கையிலும் 1990-களில் போலியோ சொட்டு மருந்துக்காக இப்படிப்பட்ட நாட்கள் கடைப்பிடிக்கப்பட்டன.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘டிராங்குவிலிட்டி’யின் வேர் லத்தீன்: திராங்குவில்லுஸ். அலையடங்கிய கடலுக்கும் காற்றில்லாத வானிலைக்கும் ரோமானியர் இதைச் சொன்னார்கள். ஸ்பானியத்தில் இன்றும், பயந்த குழந்தையை அணைத்து ‘திராங்கிலோ’ என்கிறார்கள்; நாம் ‘ஒண்ணுமில்லடா’ என்பதுபோல. அடங்கிய கடல் மறுபடி பொங்கும் என்பது மூலச் சொல்லிலேயே இருக்கிறது. ‘அமைதி’யில் அது இல்லை. அமைதி நாள் என்று அறிவித்தால், பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும் தாய் போரே முடிந்தது என்று நினைக்கக்கூடும். ‘போர்நிறுத்தம்’ படைகளுக்கிடையேயான உடன்பாடு. அதில் குழந்தை இல்லை. ‘போர் ஓய்வு’ என்றால் ‘மழை ஓய்ந்தது’ மாதிரி ஒரேயடியாக முடிந்ததாகத் தொனிக்கும். தணிவு பொருந்துகிறது. காய்ச்சல் தணிந்திருக்கிறது என்கிறோம். ராத்திரி திரும்ப ஏறலாம் என்று தெரிந்துதான் சொல்கிறோம். அதனால்தான் ‘போர்த்தணிவு நாள்’.

அப்புறம் காசா. 2024 ஆகஸ்டில், 25 ஆண்டுகளுக்குப் பிறகு அங்கே ஒரு குழந்தைக்குப் போலியோ வந்தது. செப்டம்பரில், பகுதி பகுதியாக, பகலில் சில மணி நேரம் மட்டும் குண்டுவீச்சு நிறுத்தப்பட்டது. நாள் கணக்கு மணிக் கணக்காகச் சுருங்கியதால், இதற்கு ‘மனிதநேய இடைநிறுத்தம்’ என்ற பெயரே சரி. சொட்டு மருந்து விழுந்ததும் குழந்தையின் சுண்டுவிரலில் மை வைத்தார்கள். அந்தச் சுற்றில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். இரண்டாம் சுற்று வடக்கில் தள்ளிப்போய் நவம்பர் 2-ஆம் தேதி தொடங்கியபோது, காசா நகரம் மட்டுமே இடைநிறுத்தத்துக்குள் வந்தது. அதற்கு வடக்கே ஜபாலியா, பெய்த் லாஹியா, பெய்த் ஹனூனில் இருந்த பிள்ளைகளின் விரலில் அந்தச் சுற்றில் மை படவில்லை.