கேசட் டெக்: ஒரு பேழையும் ஒரு பொறியும்

பழைய ஸ்டீரியோ கேசட் டெக் ஒன்றை ஆசையாக வாங்கிய நண்பர் மறுநாளே என்னை அழைத்தார். மின்சாரம் கொடுத்தால் விளக்கு எரிகிறது, கேசட் சுழல்கிறது, அளவுமானிகளின் முட்கள் ஆடுகின்றன, சத்தம் மட்டும் வரவில்லை, ஏமாந்துவிட்டேன் என்றார். அவர் ஏமாறவில்லை. கருவியிலும் பழுதில்லை. ‘டெக்’ என்ற சொல்லுக்குப் பொருள் தெரிந்திருந்தால் அந்த ஒரு நாள் கவலை அவருக்கு வந்திருக்காது.

டெக்கில் ஸ்பீக்கர் கிடையாது. ஸ்பீக்கரை இயக்கும் ஆம்ப்ளிஃபயரும் கிடையாது. நாடாவைச் சீரான வேகத்தில் ஓட்டுவது, அதிலுள்ள காந்தப் பதிவைப் படிப்பது, வேண்டும்போது புதிதாகப் பதிப்பது ஆகியவைதான் அதன் வேலைகள். படித்ததை மெல்லிய மின்குறிப்பாக வெளியே அனுப்பிவிடும். அதைப் பெருக்கி நம் காதுக்குக் கொண்டுவர வேறு கருவி வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடக்கிய டேப் ரெக்கார்டருக்கும் டெக்குக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

சொல் எங்கிருந்து வந்தது? பழைய டச்சு மொழியில் ‘டெக்’ என்றால் மூடி, கூரை. கூரை வேய்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘தாட்ச்’ இதற்கு உறவு. கப்பலின் வயிற்றை மூடிய பலகைப் பரப்பை முதலில் டெக் என்றார்கள். கீழே இருப்பவனுக்குக் கூரையாக இருப்பது மேலே நிற்பவனுக்குத் தரைதானே? அப்படித்தான் கூரையைக் குறித்த சொல் தளத்தைக் குறிக்கத் தொடங்கியது. ஒலிப்பதிவுத் துறைக்கு அது வந்தபோது, மோட்டாரும் சுழலிகளும், நாடாவைப் படிக்கவும் பதியவும் உதவும் காந்தத் தலைகளும் பொருத்தப்பட்ட தட்டையான பரப்புக்குப் பெயரானது. அந்தப் பரப்பை மட்டும் தனியாக வாங்கி, தாமே செய்த மரப்பெட்டியில் பொருத்தி, தம்மிடம் உள்ள ஆம்ப்ளிஃபயரோடு இணைத்துக்கொண்டவர்கள் உண்டு. பிற்காலத்தில் டெக் தனக்கென்று ஓர் உலோகக் கூட்டைப் பெற்றுக்கொண்டது. ஆனாலும் ஆம்ப்ளிஃபயரைச் சார்ந்தே நிற்கும் குணம் மாறவில்லை.

தமிழில் இந்தச் சொல் வேறொரு பக்கம் திரும்பியது. வீடியோ கேசட் பரவிய காலத்தில் ‘டெக்’ என்றாலே படம் போட்டுக் காட்டும் வீடியோ கருவி என்று பொருள்பட்டது. அந்த நினைவு உள்ளவர்களிடம் ஆடியோ டெக்கைப் பற்றிப் பேசும்போது ‘கேசட் டெக்’ என்று முழுமையாகச் சொல்வதே நல்லது.

‘கேசட்’ இதைவிட அழகான சொல். பிரெஞ்சு மொழியில் ‘காஸ்’ என்பது பெட்டி. அதன் குறுமை வடிவம் ‘கேசட்’. நகையும் காசும் வைத்துப் பூட்டும் சிறு பெட்டிக்கு அந்தப் பெயர். இன்னும் பின்னே போனால் லத்தீனின் ‘காப்ஸா’. மருந்துக் கடையில் நாம் கேட்டு வாங்கும் கேப்சூலும் அதே குடும்பம். பிலிப்ஸ் நிறுவனம் 1963 ஆகஸ்டில் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் தன் புதுப் படைப்பை அறிமுகப்படுத்தியது. பின்னர் அதற்கு வைத்த ‘காம்பாக்ட் கேசட்’, அதாவது அடக்கமான சிறுபெட்டி, என்ற பெயர் மிகப் பொருத்தமாக இருந்தது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் லூ ஓட்டன்ஸ். கோட்டுப் பையில் அடங்கும் மரக்கட்டை ஒன்றை அளவாக வைத்துக்கொண்டு அவர் வேலையைத் தொடங்கினார். அதுவரை திறந்த சுருளிலிருந்து நாடாவைக் கையால் எடுத்துக் கோத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது நாடா பெட்டிக்குள் போய்விட்டது. விரல் படவேண்டிய தேவையே இல்லை.

இங்கேதான் நம் தமிழ்ச் சொற்களில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. கேசட்டுக்குப் பலரும் ‘ஒலிநாடா’ என்றே எழுதுகிறார்கள். நாடா என்பது உள்ளே ஓடும் பட்டை மட்டுமே. திறந்த சுருளில் இருப்பதும் ஒலிநாடாதான். பெட்டியோடு சேர்ந்ததைக் குறிக்க ‘ஒலிப்பேழை’ என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. நகையும் பட்டாடையும் வைக்கும் பெட்டி பேழை. விவிலியத் தமிழில் நோவாவின் மரக்கலமும் பேழை. விலைமதிப்புள்ளதைப் பொதிந்து காப்பது என்ற உட்பொருள் பிரெஞ்சுச் சொல்லில் இருப்பதுபோலவே தமிழிலும் இருக்கிறது. ஒன்றைப் பார்த்து மற்றொன்றைச் செய்ததுபோல் இல்லாமல், இரண்டும் ஒரே எண்ணத்தில் பிறந்தவைபோல் பொருந்துகின்றன. கலைச்சொல்லாக்கத்தில் இத்தகைய பேறு எப்போதாவதுதான் வாய்க்கும். அதைக் கைவிட்டு ஒலிநாடாவோடு நிறைவடைவது எனக்கு வருத்தம் தருகிறது.

‘ஸ்டீரியோ’ கிரேக்கத்திலிருந்து வந்தது. பொருள்: திண்மையானது. இரண்டு என்ற பொருள் அந்தச் சொல்லில் எங்கும் இல்லை. தட்டையாக ஓரிடத்திலிருந்து வராமல், கனபரிமாணத்தோடு கண்முன் நிற்கும் ஒலி என்பதே கருத்து. ‘முப்பரிமாண ஒலி’ என்று மொழிபெயர்த்தால் இன்றைய திரையரங்கு நுட்பங்களோடு கலந்துவிடும். கேசட்டைப் பொறுத்தவரை ‘இருதட ஒலி’ என்பதையே நான் விரும்புகிறேன். ஏனென்றால் நாடாவில் உண்மையில் நடப்பது அதுதான். 3.81 மில்லிமீட்டர் அகல நாடாவில் நான்கு தடங்கள், ஒரு பக்கத்துக்கு இரண்டு. இடத் தடமும் வலத் தடமும் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. அதனால் ஒற்றைத் தடக் கருவியின் அகலமான தலை இரண்டையும் சேர்த்தே படித்துவிடும். பழைய கருவி வைத்திருந்தவரையும் கைவிடாத இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் அந்தப் பொறியாளர்கள் மீது மதிப்புக் கூடுகிறது.

இத்தகைய பழைய டெக்குகளை ‘விண்டேஜ்’ என்பார்கள். அது திராட்சைத் தோட்டத்துச் சொல். ஓர் ஆண்டின் அறுவடையைக் குறித்தது. பழையது எல்லாம் விண்டேஜ் ஆகாது. தன் காலத்தின் நல்ல விளைச்சலாக இருக்க வேண்டும். கேசட் டெக்குக்கு அந்தக் காலம் 1970-களும் 1980-களும். பேச்சைப் பதியவே முதலில் நினைக்கப்பட்ட சிறுபெட்டி அப்போதுதான் இசைக்குத் தகுதி பெற்றது. வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் என்ற மெதுவான ஓட்டத்தில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடத்தில் இசையைப் பதித்து வைப்பது எளிதல்ல. ‘உஸ்’ என்ற இரைச்சல் மேலே எழும். டால்பி நிறுவனத்தின் இரைச்சல் குறைப்பு முறை, குரோம் நாடா, 1979-இல் வந்த உலோகத் துகள் நாடா ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக அந்தக் குறையைத் தணித்தன.

அந்த உழைப்பின் பயன் விலையுயர்ந்த டெக்குகளோடு நின்றுவிடவில்லை. நான் சொல்லவந்ததே இதுதான். மூன்று தலைகள் கொண்ட உச்சரகக் கருவிகளைத் தேடுவோர் தேடட்டும். இரண்டு தலைகள், ஒரு மோட்டார், டால்பி பி என்னும் இரைச்சல் குறைப்பு வசதி, நாடா வகையைத் தேர்ந்தெடுக்க ஒரு பொத்தான், இரண்டு அளவுமானிகள் ஆகியவை மட்டுமே உள்ள எளிய டெக், நன்றாகப் பேணப்பட்டால், மனத்தை நிறைக்கும் இசையைத் தருகிறது. இன்று புதிதாக வரும் மலிவான கேசட் கருவிகள் பலவற்றில் இவ்வளவுகூட இல்லை. பழையதை வாங்கும்போது பெரும்பாலும் கெட்டுப்போயிருப்பது ரப்பர்தான்: உள்ளே இருக்கும் வார் தளர்ந்து நீண்டிருக்கும், அல்லது தார்போல் உருகி ஒட்டியிருக்கும். வாரை மாற்றி, தலைகளை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டால் பாதிக் கருவிகள் உயிர்பெற்றுவிடும். தலையில் பள்ளம் விழுந்திருந்தால் மட்டும் விலகிக்கொள்ளுங்கள்.

இனி, டெக்குக்குத் தமிழ். ‘ஒலிப்பேழைத் தளம்’ என்று நேராக மாற்றினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. கூரை தளமானது டச்சுக்காரர்களின் கதை, நம்முடையதல்ல. ‘தட்டு’ என்றால் இசைத்தட்டோடு மோதும். ‘ஒலிப்பேழைப் பதிவி’ நல்ல சொல், ஆனால் டேப் ரெக்கார்டருக்கே அது உரியது. நான் முன்வைப்பது ‘ஒலிப்பேழைப் பொறி’. பொறி என்பது இயங்கும் அமைப்பு. சிலப்பதிகாரத்தில் மதுரையின் மதிலைக் காக்கும் ‘வளைவிற்பொறி’ தானே வளைந்து அம்பு எய்யும். ஐம்பொறி என்னும்போது அதே சொல் புலனுறுப்பையும் குறிக்கிறது. நாடாவைத் தொட்டு உணர்ந்து, உணர்ந்ததை வேறிடத்துக்கு அனுப்பிவைக்கும் டெக்குக்கு இரண்டு பொருளும் ஒட்டுகின்றன. பேச்சில் ‘கேசட் டெக்’ இருந்துவிட்டுப் போகட்டும். எழுத்தில் ஒருமுறையாவது ‘இருதட ஒலிப்பேழைப் பொறி’ என்று எழுதிப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாடாவைச் சீராக இழுக்கும் மெல்லிய எஃகுத் தண்டுக்கு ‘கேப்ஸ்டன்’ என்று பெயர். கப்பல் தளத்தில் நங்கூரக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் நெடிய உருளைக்கும் அதுவே பெயர். பற்றுதல் என்ற பொருளுடைய ‘காப்பெரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து அது வந்தது என்கின்றன அகராதிகள். பெட்டியைக் குறித்த ‘காப்ஸா’வும் அதே வினையிலிருந்துதான். கேசட்டும் அதன் நாடாவைப் பற்றி இழுக்கும் தண்டும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். தண்டுக்குத் தமிழில் ‘இழுதண்டு’ என்கிறேன். அதன்மேல் நாடாவை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் உருளை ‘அழுத்துருளை’. நண்பரின் டெக்கை ஆம்ப்ளிஃபயரோடு இணைத்த பிறகு பாட்டு சற்றே தள்ளாடியதற்கு, பளபளவென்று இறுகிப்போயிருந்த அந்த அழுத்துருளைதான் காரணம்.