கட்டில் போட்ட வேனும் மாறாத ஆர்.சி.யும்

கேரவன் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, படப்பிடிப்பு நடக்கும் இடத்துக்கு வெளியே ஜெனரேட்டர் சத்தத்தோடு நிற்கும் நீண்ட வண்டிதான். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதல்ல. வீட்டில் நிற்கும் டெம்போ டிராவலரையோ, செகண்ட் ஹேண்டில் வாங்கிய சரக்கு வேனையோ பட்டறையில் விட்டு, சீட்டுகளைக் கழற்றி, கட்டில், அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி, இன்வெர்ட்டர் எல்லாம் பொருத்தி, குடும்பத்தோடு வால்பாறைக்கும் கொடைக்கானலுக்கும் கிளம்புகிறவர்களுக்காக எழுதுகிறேன். கோவை வட்டாரத்தில் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக (விபத்துச் சேதத்தை ஆய்வு செய்து அறிக்கை தருபவராக) வேலை பார்ப்பதால், இத்தகைய வண்டிகள் எனக்கு அறிமுகமாவதே விபத்துக்குப் பிறகுதான்.

அப்படிப் பார்த்த ஒரு வேனின் பின்பாதி முழுவதும் எரிந்திருந்தது. ப்ளைவுட் அலமாரி கரிக்கட்டையாக நின்றது. பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்குப் போன ஒயரின் மேலுறை உருகி, உள்ளிருந்த செம்புக் கம்பி ஓரிடத்தில் குன்றிமணி அளவுக்கு உருண்டு கட்டியிருந்தது. அந்த ஒயரில் எங்குமே ஃபியூஸ் இல்லை. ஆர்.சி.யை வாங்கிப் பார்த்தேன். வாகன வகை சரக்கு வாகனம். இருக்கைகள் ஓட்டுநரோடு சேர்த்து இரண்டு. பாலிசியும் சரக்கு வாகனத்துக்கானதே. வண்டிக்குள் இருந்ததோ மூன்று பேர் படுக்கும் கட்டில். மாற்றி அமைக்க ஆறரை லட்சம் செலவானதாக உரிமையாளர் சொன்னார்; பாலிசியில் அதில் ஒரு ரூபாய்கூட இல்லை. "பிரீமியம் ஒரு நாள்கூடத் தவறாம கட்டியிருக்கேனே சார்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அவர் பிரீமியம் கட்டியது அந்தப் பட்டறையில் நின்ற வண்டிக்கு அல்ல, ஆர்.சி.யில் மட்டுமே இருந்த வேறொரு வண்டிக்கு.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களோடு ஆர்.சி. முரண்படும் வகையில் எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து மேல்முறையீடாக வந்த ஜெயச்சந்திரா வழக்கில், 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதையே அழுத்தமாக உறுதி செய்தது. அதே ஆண்டு சட்டத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்பதைக் கவனியுங்கள்: கூரையை உயர்த்தியது ஒன்று, சீட்டைக் கழற்றியது ஒன்று, பக்கவாட்டில் தகரத்தை வெட்டிக் கண்ணாடி வைத்தது இன்னொன்று என்று கணக்கு நீளக்கூடும்.

அப்படியென்றால் நம் நாட்டில் கேம்பர் வேனே வைத்திருக்க முடியாதா என்று கேட்கிறார்கள். தாராளமாக வைத்திருக்கலாம். சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன், போக்குவரத்து அல்லாத வாகனங்களின் பட்டியலில் தனி வகையாகவே 2004 முதல் இருக்கிறது. வண்டிகளைப் பதிவு செய்யும் அரசின் வாகன் மென்பொருளிலும் அந்த வகைக்கு இடமுண்டு. கேரவன்களுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலையும் உண்டு. உட்கார இருக்கையும் மேசையும், படுக்க இடம் (இருக்கையே படுக்கையாக விரிந்தாலும் சரி), சமைக்க வசதி, பொருள் வைக்க அலமாரி ஆகிய நான்கும் வண்டியோடு உறுதியாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்பதே கேரவனுக்கான அடிப்படை இலக்கணம். மெத்தையை விரித்து, இரட்டை அடுப்பை ஓரமாக வைத்துக்கொண்டால் அது கேரவன் ஆகிவிடாது.

சிக்கல் வரிசையில்தான் இருக்கிறது. நம்மவர்கள் முதலில் தச்சரைப் பார்க்கிறார்கள், பிறகு எலக்ட்ரீஷியனை, கடைசியில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தை. அங்கே போனதும் மோட்டார் வாகன ஆய்வாளர் கேட்பது வரைபடத்தையும், அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தின் சான்றையும். புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் ஐகேட், நமக்கு அருகில் ஒரகடத்தில் உள்ள வாகன ஆராய்ச்சி மையம் போன்றவையே இத்தகைய சோதனைகளைச் செய்கின்றன. தனி ஆள் தன் ஒரு வண்டிக்காக அந்தச் சோதனையைச் செய்து முடிப்பது பணத்திலும் காலத்திலும் எளிதல்ல. ஆகவே, ஏற்கெனவே சான்று பெற்ற வடிவமைப்பை வைத்திருக்கும் பாடி பில்டரிடம் (வண்டிக்கு பாடி கட்டும் நிறுவனத்திடம்) புது வண்டியைக் கொடுத்து, தற்காலிகப் பதிவில் கட்டி முடித்து, முதல் ஆர்.சி.யிலேயே கேம்பர் வேன் என்று பதிவு செய்துகொள்வதைத்தான் நான் எப்போதும் பரிந்துரைக்கிறேன். பழைய வண்டிதான் என்றால், ஓர் ஆணியைக்கூடக் கழற்றுவதற்கு முன்பே வரைபடத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகம் சென்று, எழுத்துப்பூர்வமான ஒப்புதல் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். ஒப்புதல் பெற்றுச் செய்த மாற்றத்தை 14 நாட்களுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். வண்டியின் மேல் கடன் இருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்தின் எழுத்துச் சம்மதமும் தேவை. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஓன் போர்டா, டி போர்டா என்பதையும் அப்போதே முடிவு செய்துவிட வேண்டும். வாரக் கடைசியில் நண்பர்களுக்கு வாடகைக்கு விட்டால் டீசல் காசாவது தேறும் என்று நினைத்து, தனிப் பயன்பாட்டு வண்டியை இணையத்தில் விளம்பரம் செய்பவர்கள், அந்த விளம்பரத்தைக் க்ளெய்ம் கோப்பில் சேர்க்க எங்களுக்கு ஐந்து நிமிடம் போதும் என்பதை அறிவதில்லை. வாடகைக்கு என்றால் போக்குவரத்து வாகனப் பதிவு, பெர்மிட், எஃப்.சி., அதற்குரிய பாலிசி எல்லாமே வேறு.

இனி இன்சூரன்ஸ். வண்டியின் ஐ.டி.வி., அதாவது பாலிசியில் வண்டிக்குக் குறிக்கப்படும் மதிப்பு, உற்பத்தியாளரின் விலையிலிருந்து தேய்மானத்தைக் கழித்து வருவது. ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், நான்கிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 50 சதவீதம். நீங்கள் உள்ளே செய்த வேலை அந்தக் கணக்கில் தானாக வந்து சேராது. இன்வெர்ட்டர், லித்தியம் பேட்டரி, சோலார் தகடு, ஃபிரிட்ஜ் போன்றவற்றை மின்சார, மின்னணு உபகரணங்கள் என்ற தலைப்பில் மதிப்போடு தனியாக அறிவிக்க வேண்டும். பழைய இந்திய மோட்டார் டாரிஃப் என்ற பிரீமியக் கட்டண விதித்தொகுப்பில் இதற்கான கூடுதல் பிரீமியம் உபகரண மதிப்பில் 4 சதவீதம். ஒரு லட்ச ரூபாய் பொருளுக்கு 4,000 ரூபாய். கட்டில், அலமாரி போன்றவை மின்சாரம் சாரா உபகரணங்களில் வரும். பில்களை ஜி.எஸ்.டி. எண்ணோடு வாங்கி வையுங்கள். தச்சர் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்த தொகையை நான் நம்பினாலும், என் அறிக்கையைப் படிப்பவர் நம்பமாட்டார்.

அறிவிக்காமல் விட்டால் என்ன ஆகும்? பாலிசியின் பயன்பாட்டு வரம்பை மீறிய க்ளெய்ம்களை முழுவதுமாகத் தள்ளாமல் 75 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று 2010-இல் அமலேந்து சாகூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைச் சிலர் கேடயமாகப் பிடிக்கிறார்கள். அது பாலிசியில் உள்ள வண்டியின் சேதத்துக்கு உதவலாம். பாலிசியிலேயே இல்லாத கட்டிலுக்கும் ஃபிரிட்ஜுக்கும் எதில் 75 சதவீதம்? வெளியாருக்கு அடிபட்டாலோ நிலைமை இன்னும் கடினம். இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அதை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றம் உத்தரவிட வாய்ப்புண்டு. அந்தத் தொகை வண்டியின் விலையைப்போலப் பல மடங்காகக்கூட இருக்கலாம்.

எடையையும் யாரும் பார்ப்பதில்லை. நூறு லிட்டர் தண்ணீர் என்றால் நூறு கிலோ. அதன்மேல் ப்ளைவுட், பேட்டரி, ஏசி, ஆட்கள், மூட்டை முடிச்சு. வேலை முடிந்ததும் தொட்டியை நிரப்பி, எல்லோரையும் ஏற்றி, அருகிலுள்ள எடை மேடையில் ஒருமுறை நிறுத்தி, ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிட்டு, அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். கேஸ் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு: வீட்டு உபயோகச் சிலிண்டரை வண்டிக்குள் வைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்கமாட்டேன். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டிக்குள் சிலிண்டர் வைத்துச் சமைத்ததால் மூண்ட தீயில் ஒன்பது பேர் இறந்தார்கள். ஓடாமல் நின்ற பெட்டி அது. சிறிய வண்டிக்கு இண்டக்‌ஷன் அடுப்பே மேல், அதற்கேற்ற ஒயரும் ஃபியூஸும் இருந்தால்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்த ஒருவருக்கும் சென்ற ஆண்டு ஒரு சறுக்கல் ஏற்பட்டது. ஆர்.சி.யில் கேம்பர் வேன் என்றே இருந்தது. முதல் ஆண்டுப் பாலிசியில் உபகரணங்கள் அனைத்தும் இருந்தன. இரண்டாம் ஆண்டு செல்போனில் இரண்டு நிமிடத்தில் வேறொரு நிறுவனத்துக்கு மாற்றிப் புதுப்பித்தபோது, உபகரண மதிப்பு என்ற கட்டத்தில் பூஜ்யம் விழுந்திருந்தது. பிரீமியம் குறைந்ததைத் தள்ளுபடி என்று நினைத்திருக்கிறார். நல்லவேளையாக விபத்துக்கு முன்பே என்னிடம் காட்டினார். நிறுவனத்துக்கு எழுதி, வண்டியை நேரில் ஆய்வு செய்யவைத்து, கூடுதல் பிரீமியம் கட்டி, எண்டார்ஸ்மென்ட் (பாலிசித் திருத்தம்) வாங்கப் பதினோரு நாள் ஆயிற்று. அந்தப் பதினோரு நாளும் அவர் வண்டியை ஷெட்டிலிருந்து எடுக்கவே இல்லை.